கைநாட்டும் ஓ.டி.பி.யும்



கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்? ஊர்த்தெருவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். மாமா அமெரிக்காவில் இருப்பார், சித்தப்பா சிறுசேரியில் இருப்பார். சேரிக்குப் பதில் சொல்ல ஒரே ஒருத்தன்தான் வருகிறான். ஏஜெண்ட். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனை உள்ளே வரவிட்ட நம்மைப் பற்றியும்.

எங்க ஊரு ஐயங்கார்குளம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர். குளம் வெட்டிய தாத்தாச்சாரியாரை வைத்து ஊருக்கே பேர் நின்றுவிட்டது. மண் சுமந்தவனுக்குப் பேர் இல்லை. சித்ரா பௌர்ணமியில் வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் திரளும், டி.வி.க்காரன் வருவான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்க தெருவுக்குள் நுழையும் வெள்ளைக் காரை எந்த டி.வி.யும் காட்டாது.

2025 மே மாதம் அந்தக் கார் எங்க அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு என்று கூட்டினால் கட்-ஆஃப் 200க்கு 168. எங்க வகையறாவில் அந்த நம்பரை எவரும் கண்டதில்லை. காரில் வந்தவன் வேற்றாள் இல்லை, பக்கத்து ஊர்க் காலனிப் பையன். அதுதான் கொடுமை.

"அக்கா, பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் கன்ஃபார்ம். அஞ்சு பைசா வாணாம். ஆஸ்டல் ஃப்ரீ, பஸ் ஃப்ரீ. கவுன்சிலிங்குக்கு நீங்க அலைய வாணாம், நாங்களே போட்டுக்கறோம். மார்க் ஷீட்டு, கம்யூனிட்டி சர்டிபிகேட்டு ஒரிஜினல் குடுங்க. போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அத்த மட்டும் சொல்லிடுங்க."

அக்கா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

இலவசமாத்தானே தர்றான், இதிலென்ன தப்பு என்று கேட்பீர்கள். யார் வீட்டுச் சொத்தை அவன் இலவசமாகத் தருகிறான்? தனியார் பொறியியல் கல்லூரிகள் நூற்றுக்கு 65 இடங்களை, சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50 இடங்களை, அரசு கலந்தாய்வுக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் 18 சதவீதம் நமக்கு. 2009இலிருந்து அதற்குள்ளே 3 சதவீதம் அருந்ததியருக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் என்று 2021இல் சட்டம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஆக அவன் 'ஃப்ரீ' என்று நீட்டுவது அரசாங்கப் பணம், நம் போராட்டம் வாங்கிக் கொடுத்த பணம். அவன் செய்கிற ஒரே வேலை, பிள்ளையின் பாஸ்வேர்டை வாங்கி, நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கிற பட்டியலில் தன் முதலாளியின் கல்லூரி ஒன்றை மட்டும் போட்டுப் பூட்டிவிடுவது. 168 வாங்கினவள் 80 வாங்கினவனுக்கும் கிடைக்கிற கல்லூரியில் போய் உட்காருவாள். கல்லூரிக்குக் கட்டணம் அரசிடமிருந்து வரும். ஏஜெண்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வரும்.

இதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம் தோழர்களே. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. காஞ்சிபுரமும் அந்தச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்ததுதான். வேறு சாதிக்காரன் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. அப்புறம் எப்படிப் போயிற்று? அரை மூட்டை நெல்லுக்கும் கல்யாணக் கடனுக்கும் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினான். காகிதத்தில் நிலம் நம்முடையது, விளைச்சல் அவனுடையது. அதை மீட்கப் போய்த்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு விழுந்தார்கள். இன்றைக்கு சீட்டு நம் பேரில் இருக்கிறது, விளைச்சல் கல்லூரிக்காரனுக்குப் போகிறது. அன்றைக்குக் கட்டைவிரல் வைத்தோம். இன்றைக்கு அதே விரலால் ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்கிறோம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. 2009இல் நானும் இப்படித்தான் போனேன். கவுன்சிலிங் என்றால் என்னவென்றே தெரியாது. மேனேஜ்மென்ட் கோட்டா என்று தெரியாமலே அதில் சேர்ந்தேன். அப்பா ஒரு கறவை மாட்டை விற்று முதல் தவணை கட்டினார். மூன்றாம் வருடம் கட்ட முடியவில்லை, வெளியே வந்தேன். 'பாக்கியைக் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்க' என்றார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகள் நாலு வருஷம் அவர்கள் பீரோவில் கிடந்தன. கல்லூரியின் பேர் வேண்டாம். ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் 7.5 சதவீதமும் இல்லை, போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையும் இல்லை என்பதை மட்டும் சுவரில் எழுதி வையுங்கள்.

நம்மிலேயே சில தோழர்கள் சொல்கிறார்கள்: கம்ப்யூட்டர் படிப்பு மத்தியதர வர்க்க ஆசை, நம் பிள்ளைகள் வக்கீலுக்குப் படிக்கட்டும், சமூகவியல் படிக்கட்டும் என்று. சொல்கிறவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். ஐ.டி. கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. நேர்காணலுக்குக் கம்பெனி வருகிற கல்லூரிக்குள் நுழைவதுதான் நமக்குச் சட்டம் துணைவரும் கடைசி இடம். அதற்கப்புறம் நம் கூட யாரும் வரமாட்டார்கள். அந்தக் கடைசி இடத்தில் எந்தக் கல்லூரி என்று தீர்மானிப்பதை ஒரு கமிஷன்காரனிடம் விட்டுவிட்டு நாம் கருத்தரங்கம் நடத்துகிறோம்.

'தகுதி' பேசுகிறவர்களுக்கு எங்க பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டே போதும். 919லும் 921லும் பராந்தகச் சோழன் காலத்தில் வெட்டியது. ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று டெல்லி வரைக்கும் புகழ்கிறார்கள். குடவோலையில் பேர் எழுத என்ன தகுதி? கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலமும் வேதமும் யாரிடம் இருந்தது? தகுதி என்ற சொல்லை அன்றிலிருந்து இன்றுவரை இருப்பவன்தான் எழுதுகிறான்.

சரி, எங்கே சேர்ப்பது? காஞ்சிபுரத்தைச் சுற்றியே பாருங்கள். ஏனாத்தூரில் சங்கர மடத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 1993இலிருந்து இருக்கிறது. நிகர்நிலைகள் எதுவும் அரசின் பொறியியல் கலந்தாய்வுக்குள் வராது. நம் 18 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. தனியார் நிறுவனங்களிலும் ஒதுக்கீடு தரச் சட்டம் போடலாம் என்று 2005இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நாடாளுமன்றம் மட்டும் அதற்கான சட்டத்தைப் போடவில்லை. காரைப்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, கட்டணம் குறைவு, எங்க ஊரிலிருந்து போய்வரும் தூரம். எங்க தெருவில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2007இல் வந்த ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரம் என்ற மத்திய நிறுவனத்துக்கு எங்க ஊர்ப் பேர், இடமோ வண்டலூர்ப் பக்கம் மேலக்கோட்டையூர். அங்கே ஜே.இ.இ. எழுத வேண்டும். அந்தப் பரீட்சை பற்றி எங்க பள்ளியில் யாரும் மூச்சு விடுவதில்லை.

கல்லூரியை விளம்பரப் பலகையில் பார்க்காதீர்கள். ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ், டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப்புதுப் பேர் வைக்கிறார்கள். இடங்களுக்கு இருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024இல் எடுத்துவிட்டது, கம்ப்யூட்டர் சீட்டுகள் பெருகிவிட்டன. சொல்லிக் கொடுக்க ஆள்? அதே 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்கு, 224 கல்லூரிகளில். ஒருத்தரே எத்தனையோ கல்லூரியில்! விட்டலாச்சார்யா படத்தில்கூட இத்தனை வேஷம் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே கேள்வி போட்டுத் தானே திருத்தும், அதன் தேர்ச்சியை அப்படியே நம்பாதீர்கள். போன வருடம் நம் இனத்துக்குக் கட்-ஆஃப் எதில் நின்றது என்று பாருங்கள். அங்கே படிக்கிற நம் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்: ஹாஸ்டலில் எந்த அறை தருகிறான், லேபில் மிஷின் ஓடுகிறதா, ஸ்காலர்ஷிப் வரும்வரை பரீட்சை எழுத விடுகிறானா? 2016இல் ரோகித் வெமுலா செத்தது பேர்போன மத்தியப் பல்கலைக்கழகத்தில் என்பதும் நினைவிருக்கட்டும். நல்லது எதுவும் எட்டாதென்றால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேருங்கள், பிறகு டான்செட் எழுதி எம்.சி.ஏ. போகலாம். மட்டமான பி.இ.க்கு அது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். 2024இல் உத்தரப்பிரதேசத்துக் கூலித் தொழிலாளியின் மகன், நம்ம பையன், 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாமல் ஐ.ஐ.டி. சீட்டை இழந்தான். உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் மீட்டான். எல்லோராலும் டெல்லி போக முடியுமா?

அன்றைக்கு அக்கா கையிலிருந்து டிரங்குப் பெட்டிச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். ஜூலையில் ஒரு ராத்திரி முழுக்க நானும் அவளும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 61 கல்லூரி போட்டோம். கிண்டியும் குரோம்பேட்டையும் வராதென்று தெரிந்தே முதலில் போட்டோம். 'மாமா, சிரிக்க மாட்டாங்களா' என்றாள். மிஷின் சிரிக்காது, போடு என்றேன். ஏழாவதாகப் போட்டது கிடைத்தது. அரசுக் கல்லூரி, ஐ.டி. பிரிவு.

ஆகஸ்டில் அந்த ஏஜெண்ட் பையன் போன் பண்ணினான். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அவனும் அதே கல்லூரியில்தான் பி.இ. படித்ததாகவும் ஒன்பது அரியர் இருப்பதாகவும் சொன்னான்.

"அண்ணே, என் தங்கச்சி அடுத்த வருஷம் பிளஸ் டூ. அவளுக்கும் நீங்களே உக்காந்து போட்டுத் தர்றீங்களா?"

ரிசல்ட் வந்த அன்றைக்கே அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். ஓ.டி.பி.யை அவளே அடிக்கட்டும்.