கமாண்டர் லயனல் க்ராப் மறைவு: ஆவணங்களை வெளியிடவும் மரண விசாரணையை மறுபடி நடத்தவும் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கடற்படை முக்குளிப்பு வீரர்களின் சங்கத்தார்.

பெறுநர்: அமைச்சரவைச் செயலர் மற்றும் அட்டர்னி ஜெனரல், லண்டன்.

மதிப்பிற்குரியீர்,

இரண்டாம் உலகப் போரின்போது ஜிப்ரால்டர் துறைமுகத்தில் நின்ற நேசநாட்டுக் கப்பல்களின் அடிப்புறத்தில் இத்தாலிய முக்குளிப்பு வீரர்கள் பொருத்திவிட்டுச் சென்ற வெடிகளை நீருக்கடியில் இறங்கி அகற்றியவர் பிரிட்டிஷ் கடற்படையின் லயனல் க்ராப். அதற்காக 1944-இல் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1956 ஏப்ரல் 19 காலை போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நீரில் இறங்கியபின் உயிருடன் திரும்பவில்லை. சோவியத் தலைவர்கள் குருஷேவையும் புல்கானினையும் ஏற்றிவந்த ஓர்ஜோனிகிட்சே என்ற போர்க்கப்பல் அப்போது அங்கே நின்றது. அதன் அடிப்புறத்தைப் பார்வையிடவே பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6 அவரை அனுப்பியது என்பது இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி.

அதன்பின் அரசுத் தரப்பு பேசிய விதமே இம்மனுவுக்குக் காரணம். கருவி ஒன்றைச் சோதிக்கையில் ஸ்டோக்ஸ் விரிகுடாவில் அவர் இறந்ததாகக் கருதப்படுகிறது என்று கடற்படைத் தலைமையகம் ஏப்ரல் 29 அன்று அறிவித்தது. நடந்த இடமோ போர்ட்ஸ்மத். மே மாதத்தில் பிரதமர் ஆண்டனி ஈடன், சூழ்நிலையை வெளியிடுவது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று நாடாளுமன்றத்தில் கூறி நிறுத்திக்கொண்டார். ஆனால் சோவியத் அரசின் கண்டனக் குறிப்புக்கு மே 9 அன்று தந்த பதிலில், சோவியத் கப்பல்களுக்கு அருகே காணப்பட்டவர் க்ராப்பாகவே தெரிகிறது என்று ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. சொந்த நாட்டு மக்கள் மன்றத்துக்கு மறுக்கப்பட்ட செய்தி அயல்நாட்டுத் தூதரகத்துக்குக் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. அவர் தங்கிய விடுதியின் பதிவேட்டுப் பக்கங்களைக் காவல்துறையினர் கிழித்தெடுத்துச் சென்றதும் ஐயத்தை வளர்த்தது.

1957 ஜூன் 9 அன்று சிச்செஸ்டர் கழிமுகத்தில் பில்சி தீவருகே மீனவர்கள் முக்குளிப்பு உடையணிந்த உடல் ஒன்றைக் கண்டெடுத்தனர். தலையும் இரு கைகளும் இல்லாததால், பற்களும் விரல்ரேகையும் ஆகிய அக்காலத்து முக்கிய அடையாள வழிகள் இரண்டும் அடைபட்டன. முழங்காலில் இருந்த வடு, உடை ஆகியவற்றைக் கொண்டு அது க்ராப்பின் உடலே என மரண விசாரணை அதிகாரியான கொரோனர் ஏற்றபோதும், இறப்பின் காரணம் தெளிவாகவில்லை என்று பொருள்படும் 'திறந்த முடிவை'யே பதிவுசெய்தார். பதினான்கு மாதங்கள் கடலில் கிடந்த உடலிலிருந்து உறுப்புகள் பிரிவது இயல்பே. அதைக் கொலைக்குச் சான்றாக இச்சங்கம் காட்டவில்லை. சோவியத் ஒன்றியத்துக்குக் கடத்தப்பட்டார் என்ற கதைகளையும் அது ஏற்கவில்லை. தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் கருவியோடு ஏறத்தாழ 10 மீட்டருக்குக் கீழே சென்றால் வலிப்பு வந்து நினைவிழக்கும் அபாயம் உண்டென்பதை முக்குளிப்போர் அனைவரும் அறிவர். 47 வயதான வீரருக்கு அவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும். நேர்ந்ததா என்பதைச் சொல்லவேண்டிய ஆவணங்கள் அரசிடம்தான் உள்ளன.

எனவே, 2006-ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியான கோப்புகளில் மறைக்கப்பட்ட வரிகளையும், 2057 வரை மூடிவைக்கப்பட்டுள்ளதாகச் சொல்லப்படும் எஞ்சிய கோப்புகளையும் வெளியிட வேண்டும் என்று இச்சங்கம் கோருகிறது. உயிருடன் உள்ளவர்களின் பாதுகாப்புக்காக ஏதேனும் வரியை மறைக்க நேர்ந்தால், கோப்பு முழுவதையும் மூடாமல் அவ்வரியை மட்டும் மறைத்து, காரணத்தையும் எழுத்தில் தரலாம். ஸ்டோக்ஸ் விரிகுடா அறிவிப்பு தவறானது என்பதை நாடாளுமன்றப் பதிவில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். புதிய சான்று கிடைத்தால் மறு விசாரணைக்கு உயர்நீதிமன்றத்தை அணுக 1988-ஆம் ஆண்டு கொரோனர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடமளிப்பதால், அதற்குத் தேவையான ஒப்புதலை அட்டர்னி ஜெனரல் வழங்க வேண்டும். மில்டன் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட உடலை எடுத்து மரபணுச் சோதனை நடத்துவது உறவினர் இசைவின்றிக் கூடாது. அவர்கள் இசைந்தால் அதற்கான செலவை அரசே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்கத்தின் செயலாளர்