மௌனம் சம்மதம் அல்ல!

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமின்றி, அதில் லினக்ஸ் பதிந்து, குடும்பப் படங்களையும் முக்கிய பைல்களையும் சேர்த்து வைக்கும் சர்வராகச் சிலர் மாற்றிக் கொள்கிறார்கள். இவர்களுக்குக் கை கொடுப்பது க்ரான் என்னும் புரோகிராம். "தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் எடு" என்று ஒரு முறை எழுதி வைத்தால் போதும். நாம் தூங்கினாலும் அது வேலையைத் தொடங்கிவிடும். சரி, வேலை ஒழுங்காக முடிந்ததா என்று நமக்கு யார் சொல்வது?

க்ரானே சொல்லும். வேலை நடக்கும்போது வரும் செய்திகளையும் பிழைகளையும் அது இமெயிலாக அனுப்பும். க்ரான்டேப் பைலில் உள்ள 'மெயில்டூ' வரியில் உங்கள் முகவரியைத் தரலாம். தராவிட்டால், மெயில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உள்ள பெட்டியில் விழும். அதை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்? மெயில் அனுப்பும் புரோகிராம் இல்லாத சிஸ்டம் என்றால் அந்தச் செய்தியே நமக்கு வராமல் போய்விடும்.

"மெயில் வரவில்லை, எனவே எல்லாம் சரி" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் இடத்தில் சரி. பேக்கப் விஷயத்தில் ஆகாது என்பேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்துள்ளது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால், அது எடுக்கப்படவே இல்லை. புரோகிராமின் பதிப்பு பொருந்தாததால் தோல்வி அடைந்து வந்திருக்கிறது. க்ரான் மெயில் அனுப்பத்தான் செய்தது. ஆனால், அனுப்புபவர் உண்மையானவர்தானா எனச் சோதிக்கும் டிமார்க் முறைக்கு ஏற்ப அமைக்கப்படாததால், அந்த மெயில்கள் வாசலிலேயே திருப்பப்பட்டன. வேறு வழியில் தளத்தை மீட்டாலும் சுமார் 6 மணி நேரத் தகவல்கள் போயின.

எனவே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலில், இல்லாத ஒரு கட்டளையை வேண்டுமென்றே க்ரானில் எழுதி, பிழை மெயில் வருகிறதா என்று பாருங்கள். ஸ்பாம் போல்டரையும் பாருங்கள். அடுத்து, வாரம் ஒரு முறை "பேக்கப் முடிந்தது" என ஒரு வரி மெயில் வரும்படி அமையுங்கள். தினமும் வந்தால் படிக்காமலே அழிக்கப் பழகிவிடுவோம். அந்த மெயில் வராத வாரம்தான் உங்களுக்கு எச்சரிக்கை மணி. பவர் போய் நின்றுவிட்ட சர்வரால் "நான் நின்றுவிட்டேன்" என்று மெயில் அனுப்ப முடியாதல்லவா?