செய்வதைச் சொல்லவும் வேண்டும்



சிறிய அறக்கட்டளைகள் அச்சிடும் நோட்டீஸ்களை ஆர்வத்தோடு படிக்கிறவன் நான். நிறுவனர் பெயர், பதிவு எண், விருது வாங்கும் படம் எல்லாம் இருக்கும். யாருக்கு என்ன செய்கிறார்கள், நாம் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அது எதற்குப் போகும் என்பது மட்டும் பல நேரங்களில் இருக்காது. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் அசந்துபோகிற அளவுக்கு வேலை நடந்துகொண்டிருக்கும்.

செய்வதை எடுத்துச் சொல்வதும் மார்க்கெட்டிங்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே சேவை செய்கிறவர்களுக்குக் கூச்சம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அடக்கம் கொடுப்பவருக்கு அழகு. உதவி தேவைப்படுகிறவருக்கோ, இப்படி ஓர் இடம் இருக்கிறது என்ற சேதி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

மதுரையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் போட்டார்கள். கண்புரை இருக்கிறது, அறுவை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. சிகிச்சை இலவசம்தான். ஆனால் பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம். இதைக் கேட்டறிந்த பிறகு முறையை மாற்றினார்கள். முகாம் முடிந்த அன்றே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடும் போட்டு, அறுவை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். சொந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே பாதிப் பயத்தைப் போக்கியது. வராதவர் ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்பதைத்தான் மார்க்கெட்டிங்கின் அரிச்சுவடி என்பேன். 1992 முதல் அவர்களின் லைக்கோ பயிற்சி நிறுவனம் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் வழிகாட்டி வருகிறது.

பணம் திரட்டுவதிலும் முன்னோடிகள் உண்டு. விமானப் பணியாளரான ரிப்பன் கபூர் 1979இல் மும்பையில் நண்பர்களோடு 50 ரூபாயில் தொடங்கியது, குழந்தைகளுக்கான ‘கிரை’ அமைப்பு. அவர்கள் விற்ற வாழ்த்து அட்டைகள், குழந்தைகளின் உரிமை பற்றிய பேச்சை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுபோயின.

சிறிய அமைப்புகளுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். என்ன செய்கிறோம் என்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் புரியும்படி இரண்டு வரியில் எழுதத் தெரிந்தால் போதும். பொத்தாம் பொதுவாக உதவி கேட்காமல் பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று கேட்கலாம். கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகைக்கான ரசீதோடு நன்றியும், சில மாதம் கழித்து அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்ற சேதியும் போக வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தவர் மறுபடி கொடுப்பது இதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுகிற குழந்தையின் முகத்தைப் போஸ்டரில் போட்டுக் கேட்காதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து அதைப் பார்க்கும்.

வாசகர்களில் விற்பனைப் பிரதிநிதிகள், விளம்பரத் துறையினர், அச்சகக்காரர்கள், வணிகவியல் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை மதியத்தைக் கொடுங்கள். அவர்களுடைய நோட்டீஸை உடன் உட்கார்ந்து திருத்துங்கள். அடுத்ததை அவர்களே எழுதும்படி சொல்லிக் கொடுங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்ற கொடை வாரம் வருகிறது. அதற்குள் தொடங்கினால் நல்லது. உங்கள் ஊரையும் தொழிலையும் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள், அருகிலுள்ள அமைப்போடு அறிமுகப்படுத்துகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்