எஞ்சின் மாற்றினால் மட்டும் போதுமா?



நம் தோட்டத்து இளைஞர்களில் பலர் மோட்டார் பைத்தியங்கள். பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, டர்போ பூட்டி, பந்தயக் காரில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறில்லை. ஆனால் விஷயம் தெரிந்து ஆசைப்பட வேண்டும்.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வீணாய்ப் போகும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளும் கூடுதலாக எரியும், பலம் பெருகும். சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று சாலையில் ஓடும் லாரிகள் பலவற்றிலும் டர்போ இருக்கிறது.

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 1 லட்சம் தடவைக்கு மேலும் சுழலக்கூடியது. அதற்கு உயிர் எண்ணெய்தான். ஆகவே புதுப்பித்த எஞ்சினை எடுத்தவுடன் கிளப்பிவிடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியதா என்று முதலில் பார்ப்பார்கள். வேகமாக ஓட்டிவிட்டு உடனே நிறுத்துவதும் கெடுதல். தண்டில் தங்கிய எண்ணெய் சூட்டில் கருகிவிடும். சற்று நேரம் மெதுவாக ஓடவிட்டே அணைக்க வேண்டும்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாட்டின் முதல் துணை நகரம் அது. அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அங்கே எஞ்சினைத் தூக்கி இறக்க முற்றம் ஏது? பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதோடு, சாலையில் ஓடும் காரின் எஞ்சினை மாற்றுவதானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது.

அதே சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை, தாம்சன் சாலைப் பகுதியில் பொதுச் சாலையையே அடைத்துப் பந்தயம் நடத்தினார்கள். வளைவுகள் பொல்லாதவை. உயிர்கள் பலியாயின. 1973-க்குப் பிறகு அந்தப் பந்தயம் நடக்கவில்லை. 2008-இல் மரினா பேயில் பந்தயம் திரும்பி வந்தபோது, தடுப்புகளும் மருத்துவ ஏற்பாடுகளும் கூடவே வந்தன.

வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எஞ்சினின் பலத்தைக் கூட்டியவர், பிரேக்கையும் டயரையும் ரேடியேட்டரையும் அதற்கு ஈடாக மாற்றாவிட்டால், காசு கொடுத்து ஆபத்தை வாங்கியவராவார்.

பெரிய பணக்கார நாட்டில்தான் இதெல்லாம் நடக்கும் என்று எண்ணவும் வேண்டாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவ்வகைக் கார்களில் ஓட்டத் தொடங்கிய அதே ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அவர்கள் வளர்ந்தது பந்தயத் திடலில். ஊர்ச் சாலையில் அல்ல.

தம்பிமாரே, சங்கிலியில் தொங்கும் எஞ்சினுக்கு அடியில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள். தாங்கி வையுங்கள். லயத்து முன்னால் பிள்ளைகள் விளையாடும் பாதையில் வேகம் பார்க்காதீர்கள்.

பெற்றோர்களே, மகன் கையில் கிரீஸ் இருக்கிறதென்று முகம் சுளிக்க வேண்டாம். அவனைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புங்கள். கைத்திறமையோடு ஒரு சான்றிதழும் சேர்ந்தால், அந்தக் கை ஒரு குடும்பத்தையே தாங்கும்.