நோன்புக்கு நோபல் பரிசின் சான்று எதற்கு?



ஷஃபான் பிறை தென்பட்டதும் நம் கைப்பேசிகளுக்கு ஒரு செய்தி தவறாமல் வந்து சேர்கிறது. ஜப்பானிய அறிவியலாளர் ஒருவர் முஸ்லிம்களின் நோன்பை ஆராய்ந்தாராம். நோன்பாளியின் உடலில் நல்ல செல்கள் புற்றுநோய்ச் செல்களைத் தின்று தீர்ப்பதைக் கண்டாராம். அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டதாம். பத்துப் பேருக்கு அனுப்பி நன்மையைப் பெற்றுக்கொள்ளுமாறு கீழே ஒரு வேண்டுகோளும் இருக்கும்.

இது பொய். அதை விளக்குமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன், தராவீஹுக்குப் பிந்தைய பயானில் நாமும் இதைச் சொன்னோம். சபை தக்பீர் முழங்கியது. நமக்கும் அது இனிக்கவே செய்தது.

இரண்டு நாள் கழித்து, நம் மதரஸாவில் ஓதி, இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் பயிலும் மாணவி ஒருவர் தம் அத்தாவுடன் வந்தார். "ஹஜ்ரத், அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. அந்த ஈஸ்ட்டுக்கு ஸஹரும் இல்லை, இஃப்தாரும் இல்லை" என்றார். பின்னர் பாடநூலைத் திறந்து அவர் விளக்கினார். நாம் மாணவராய் அமர்ந்து கேட்டோம்.

யோஷினோரி ஓசுமி என்பவருக்கு 2016ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட்டை, நைட்ரஜன் சத்து இல்லாத கரைசலில் அவர் பட்டினி போட்டார். அதுவும் சாதாரண ஈஸ்ட் அன்று. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் குறைபட்ட ஈஸ்ட். சில மணி நேரத்தில் அதன் வாக்குவோல் எனும் பைக்குள், சிதைக்கப்படாத சிறு குமிழிகள் குவிந்ததை நுண்ணோக்கியில் கண்டு 1992இல் வெளியிட்டார். செல் தன்னுள் இருக்கும் பழையதையும் பழுதானதையும் இரட்டைச் சவ்வால் சுற்றிக் கட்டுகிறது. அம்மூட்டையை நொதிகள் நிறைந்த பையிடம் சேர்க்கிறது. சிதைந்து கிடைக்கும் அமினோ அமிலங்களை மறுபடியும் பயன்படுத்துகிறது. இதற்குத் தன்னுண்ணல் என்று பெயர். இதற்குத் தேவையான மரபணுக்களை அடுத்தடுத்து இனங்கண்டதே அவருடைய சாதனை. பரிசுக்குரிய அந்த ஆய்வில் முஸ்லிமும் இல்லை, ரமளானும் இல்லை.

புற்றுநோய் பற்றிய பகுதி இன்னும் மோசமானது. தன்னுண்ணல் என்பது ஒரு செல் தன்னுள்ளே செய்யும் வேலை. அடுத்த செல்லைத் தின்பதன்று. அதுமட்டுமன்றி, ஏற்கெனவே வளர்ந்துவிட்ட கட்டியின் செல்கள், உணவு குறைந்த சூழலில் தாம் பிழைத்திருக்க இதே வழியைக் கைக்கொள்வதும் உண்டு. சிகிச்சையில் இருக்கும் ஒருவர் அந்தச் செய்தியை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதை நிறுத்தினால், யார் பொறுப்பு?

வியப்பதற்கு உண்மையில் குறைவா இருக்கிறது? அந்த மாணவி சொன்னவற்றுள் நம்மை இன்றும் விட்டு நீங்காதது வேறொன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் டி டூவ் என்பவர் எலியின் கல்லீரலில் இன்சுலின் செயல்படும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நொதியின் செயல்திறனை அளந்தபோது, எதிர்பார்த்ததில் சிறு பங்கே தென்பட்டது. அதே கலவையைக் குளிர்பெட்டியில் ஐந்து நாட்கள் வைத்திருந்து அளந்தால் பன்மடங்கு கூடியிருந்தது! நொதி எங்கும் போய்விடவில்லை. ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டுக் கிடந்தது. சவ்வு நைந்ததும் வெளிப்பட்டது. 1955இல் அப்பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். செல்லையே கரைத்துவிடக்கூடிய நொதிகள் அதற்குள் இருக்கின்றன. அவை பையின் உள்ளிருக்கும் அமிலத்தன்மையில்தான் நன்கு இயங்கும். கொஞ்சம் வெளியே கசிந்தாலும், அங்கு அமிலம் இல்லாததால் வலுவிழக்கும். அவ்வமிலத்தன்மையைக் காக்கச் சவ்வில் பதிந்த புரதங்கள் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுகின்றன. படைத்தவனின் ஆற்றலைச் சிந்திக்க இந்த ஒரு சவ்வு போதாதா? பொய்யை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

இனி நம் மஹல்லாவில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர்; பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் முன்பே கூறியிருந்தார். நம் பயானைக் கேட்ட பின், நோன்பே மருந்து என்று முடிவு செய்தார். ஸஹரில் இரண்டு கவளம் உண்டு, வழக்கமான மாத்திரையை விழுங்கி, நிய்யத் வைத்தார். அஸருக்கு முன் பள்ளியின் ஹவுளருகே மயங்கி விழுந்தார்.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். உடல்நலமுள்ளவர் நோன்பிருக்கையில் இரத்தத்தில் சர்க்கரை குறையத் தொடங்கினால் இன்சுலினும் குறைகிறது. அப்போது கல்லீரலின் நொதிகள், அங்கே கிளைகோஜனாகச் சேமித்துள்ள ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாக வெட்டி இரத்தத்துக்கு அனுப்புகின்றன. தசையிலும் கிளைகோஜன் உண்டு. ஆனால் அதை இரத்தத்துக்கு விடுவிக்கும் இறுதி நொதி தசையில் இல்லை. எனவே மூளை கல்லீரலையே நம்பியிருக்கிறது. அந்தப் பெரியவர் உண்டதோ, கணையச் செல்களின் சவ்விலுள்ள பொட்டாசியக் கால்வாயை மூடி, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. சுரந்த இன்சுலின் இரத்தத்தில் இருந்த சர்க்கரையைச் செல்களுக்குள் தள்ளியது. கல்லீரலின் களஞ்சியத்தையும் திறக்கவிடவில்லை. மூளைக்குச் சர்க்கரை எட்டவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் உரிய நேரத்தில் குளுகோஸ் ஏற்றப்பட்டுப் பிழைத்தார்.

இத்தகையவருக்காகத்தானே அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் சலுகையை வைத்திருக்கிறான்! குணமாகக் கூடிய நோயாளி பின்னர் களாச் செய்யட்டும். தீராத நோயாளி ஃபித்யா கொடுக்கட்டும். நோன்பைக் கடமையாக்கியவனே அளித்த இச்சலுகை, நாம் சொன்ன கதையில் எங்கே இருந்தது?

தலையில் காயம்பட்டிருந்த ஒருவரைத் தயம்மும் செய்யவிடாமல் குளிக்கச் சொல்லி, அதனால் அவர் இறந்த நிகழ்ச்சி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. தெரியாமல் தீர்ப்புச் சொன்னவர்கள் மீது நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு சினந்தார்கள் என்பதை ஓதிக்கொடுப்பவர் நாம். அன்றிரவு அது நமக்கு உறைத்தது.

"எப்படியோ, இளைஞர்களின் ஈமான் கூடுகிறதே" என்கின்றனர் சிலர். கூடவில்லை, சகோதரர்களே. அந்த மாணவி அத்தாவை அழைத்துக்கொண்டு வந்து கேட்டார். கேட்காமலே சிரித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ! இதில் பொய் சொன்னவர் மறுமையைப் பற்றி மட்டும் மெய் சொல்வாரா என்று அவர்கள் எண்ணினால், அந்த ஐயத்தை விதைத்தவர் நாத்திகரல்லர், நாமே. மேலும், நோன்பின் நோக்கம் தக்வா என்று அல்லாஹ் கூறியிருக்க, செல்லைச் சுத்தம் செய்வதே நோக்கம் என்று நாம் மாற்றிச் சொன்னால், நாளை ஓர் ஆய்வு வேறுவிதமாக முடியும்போது நோன்பை விட்டுவிடுவோமா?

மஹல்லா ஆலிம்களிடமும் ஜமாஅத்தாரிடமும் நாம் கேட்பது இரண்டுதான். அச்செய்தி வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். ஷஃபான் முடிவதற்குள், சர்க்கரை நோயாளிகளை அவர்கள் உண்ணும் மாத்திரைகளுடன் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள். மருத்துவர் அனுமதித்தால் அவர் மாற்றித் தரும் அளவின்படி நோற்கட்டும். நாமாக அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். இன்சுலின் ஊசியை அறவே நிறுத்துவதும் ஆபத்தே.

நாம் பொய்யைச் சொன்ன அதே இடத்தில் நின்று அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் திருத்திச் சொன்னோம். தக்பீர் ஒன்றும் எழவில்லை. அந்தப் பெரியவர் இப்போது ஃபித்யா கொடுத்துவிடுகிறார். ரமளானில் அஸருக்குப் பின் பள்ளியின் கஞ்சி அண்டாவருகே அகப்பையுடன் நிற்பவர் அவரே.