ஹீட் மீட்டர் முள் சிவப்புக்கு ஏறினால்...

கேள்வி: ''சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் பழைய டீசல் வேனில், கிளம்பிய பத்து நிமிடத்திலேயே ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்' என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?''

பதில்: ''வேண்டாம். தெர்மோஸ்டாட், இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள மடை போன்றது. தண்ணீர் சுமார் 80 முதல் 90 டிகிரி வரை சூடானதும் திறக்கும். அது இல்லாவிட்டால் முள் கீழேயே கிடக்கும். இன்ஜின் சரியாகச் சூடேறாது. டீசல் செலவும் தேய்மானமும் கூடும்.

இன்ஜின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் தண்ணீரையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால், இன்ஜினை ஓடவிடுங்கள். முள் மேலே ஏறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் குழாய் கொதித்து, கீழ்க்குழாய் குளிர்ந்தே இருந்தால், மடை திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் உறுதியாகிவிடும். அப்போதும் திறக்கவில்லை என்றால், புதிது மாற்றுங்கள்.

அதுவரை, முள் சிவப்பைத் தொட்டதும் வண்டியை நிறுத்திவிடுங்கள். 'சந்தை பக்கம்தானே' என்று ஓட்டினால், ஹெட் கேஸ்கட் போய்ப் பெரிய செலவு வைத்துவிடும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.''