ஓரியூர் மண்

தொண்டியிலிருந்து கடலுக்கு முதுகு காட்டி உள்ளே போனால், பாம்பாற்றங்கரையில் இருக்கிறது ஓரியூர். மழை பெய்தால் விளையும், பொய்த்தால் காயும் திருவாடானைச் சீமை அது. அந்த ஊர்க் கோயிலுக்கு வந்து போகிறவர்களின் கையில் திரும்பும்போது கட்டாயம் ஒரு பொருள் இருக்கும். தாளிலோ துணியிலோ முடிந்த சிவப்பு மண். கொண்டுபோய்ச் சாமி படத்தடியில் வைப்பார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நெற்றியில் இடுவார்கள். அருளானந்தர் ரத்தம் சிந்திய மண் என்பது அவர்கள் நம்பிக்கை.

புனிதர் என்றதும் கல்லறையைத் தேடுவது வழக்கம். கோவாவில் சவேரியார் உடல் பேழைக்குள் இருக்கிறது. அவருடைய வலக்கையின் ஒரு பகுதியை 1614-இல் வெட்டி ரோமுக்குக் கொண்டுபோனார்கள். கோட்டாறு பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளைக்குக் கல்லறை உண்டு. ஓரியூரில் அப்படி எதுவும் கிடையாது. வெட்டப்பட்ட உடலைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். முறையான அடக்கம் நடக்கவில்லை. அந்த ஊருக்கு மிஞ்சியது மண்தான்.

ஜான் டி பிரிட்டோ 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. பின்னாளில் இரண்டாம் பேதுரு என்ற பெயரில் போர்ச்சுகலை ஆண்ட இளவரசரின் கூட்டாளி. சிறு வயதில் கடுமையான நோய் கண்டபோது தாய் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்ச்சைப்படி ஒரு வருஷம் சேசு சபைத் துறவியின் அங்கியைப் போட்டுக்கொண்டு அரண்மனையில் நடமாடினான். நம் ஊரில் பிள்ளைக்கு மொட்டை போடுவதாகவும் காது குத்துவதாகவும் நேர்ந்துகொள்ளும் தாய்மாரிடமிருந்து அந்த லிஸ்பன் சீமாட்டி அதிகம் வேறுபட்டவர் அல்லர்.

வேண்டுதல் அங்கியை நிஜமாகவே அணியும் நாளும் வந்தது. குருவாகி, 1673-இல் கப்பலேறி, மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். காவி உடுத்திப் பண்டாரசாமியாக அலைந்தார், புலால் தொடவில்லை. மக்கள் இட்ட பெயர் அருளானந்தர். 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். அப்போது ராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி. இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து உயிரோடு விட்டுவிட்டார். சபைக் காரியமாக லிஸ்பனுக்குப் போனவரை, அரசராகிவிட்ட பழைய தோழர் அங்கேயே இருக்கச் சொன்னார். அவர் கேட்கவில்லை. 1690-இல் திரும்பி வந்து மறுபடியும் மறவர் சீமைக்கே போனார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு குடும்ப விவகாரம். தடியத் தேவர் என்பவர் சேதுபதியின் அரியணைக்கே உரிமை உள்ளவராகக் கருதப்பட்ட சிற்றரசர். நோயிலிருந்து குணமாகி, கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். முதல் மனைவி மட்டும் இருக்கட்டும், மற்றவர்களை விலக்கிவிடு என்றார் அருளானந்தர். தேவர் ஒப்புக்கொண்டு 1693 ஜனவரி 6-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவளான கடலாயி சேதுபதியின் உறவுப் பெண். அவள் நேராக அரண்மனைக்குப் போய் முறையிட்டாள்.

வரலாறு கடலாயியைச் சூழ்ச்சிக்காரியாகவே சொல்லிவந்திருக்கிறது. ஆனால் அவள் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். ஊரறியத் தாலி கட்டிய புருஷன் ஒரு நாள் காலையில் ‘இனி நீ என் மனைவி இல்லை’ என்கிறான். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை. பிறந்த வீட்டில் போய் அழாமல் வேறென்ன செய்வாள்? அருளானந்தர் தம் வேதத்தின் விதியைச் சொன்னார். அவள் தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்னாள்.

சேதுபதிக்கோ இது உறவுப் பெண்ணின் கண்ணீர் மட்டும் அல்ல. தமக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவர் புது மதத்தில் சேர்ந்து ஆள் திரட்டினால் என்ன ஆகும் என்ற கவலையும் இருந்தது. ஞானஸ்நானம் முடிந்த இரண்டாம் நாளே அருளானந்தர் பிடிபட்டார். ராமநாதபுரத்திலேயே கொன்றால் கலகம் வரலாம். ஆகவே வெளியே சொன்னது நாடு கடத்தல். ஓரியூரில் இருந்த தம்பி உடையத்தேவனுக்கு ரகசியமாகப் போன உத்தரவு வேறு. சிறையில் அருளானந்தர் கரியைக் கரைத்து, துரும்பால் தொட்டு, சபைத் தோழர்களுக்குக் கடைசிக் கடிதங்களை எழுதினார் என்பார்கள். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஆற்றங்கரை மேட்டில் தலை வெட்டப்பட்டது.

அன்று திருநீற்றுப் புதன். ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலைப் பூசி, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போகிறவன் என்று நினைவூட்டும் நாள். அந்த நாள் பிப்ரவரி 4-க்கு முன்னால் வரவே வராது. அந்தத் தேதியிலேயே வருவதும் வெகு அபூர்வம். 1818-க்குப் பிறகு இனி 2285-இல்தான் வரும்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது அரசர் நன்றி வழிபாடு நடத்தினார். தாய் துக்க உடை உடுத்தாமல் விழாக்கோலத்தில் வந்து அமர்ந்திருந்தாராம். இதைப் படிக்கும்போது பெருமையைவிட வயிற்றில் ஏதோ பிசைவதுதான் அதிகம்.

ரோம் அவசரப்படவில்லை. காவி உடுத்ததும் நாட்டு வழக்கங்களை ஏற்றதும் சரிதானா என்ற பெரிய வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. அது இவருடைய புனிதர் பட்டத்துக்குத் தடையல்ல என்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1741-இல் தீர்த்துவைத்தார். 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. முத்திப்பேறு பட்டம் 1853-இல்தான் வந்தது. புனிதர் பட்டம் 1947 ஜூன் 22-ஆம் தேதி, இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. வெட்டுப்பட்ட நாளிலிருந்து 254 வருஷம். மறவர் சீமை அதுவரை காத்திருக்கவில்லை. சாமி என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் தாளும் முத்திரையும் எதற்கு?

யார் வருகிறார்கள் என்பதுதான் ஓரியூரின் விசேஷம். கிறிஸ்தவர்கள் வருகிறார்கள், அதற்குச் சளைக்காமல் இந்துக்களும் வருகிறார்கள். அவர்களில் மறவர் குடும்பங்கள் ஏராளம். வெட்டச் சொன்ன அரசரின் சனம், வெட்டுப்பட்டவரைத் தங்கள் குலசாமி வரிசையில் சேர்த்துக்கொண்டது. மொட்டை போடுகிறார்கள், காது குத்துகிறார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் தென்னம்பிள்ளை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கிடா வெட்டி அசனம் போடுகிறார்கள். புலால் தொடாத பண்டாரசாமிக்குக் கிடா விருந்து! அவருக்கு இதில் வருத்தம் இருக்கும் என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

புனிதரின் அருளிக்கங்களுக்குத் திருச்சபை கண்டிப்பான விதிகள் வைத்திருக்கிறது. உடலின் பகுதி ஒரு தரம், அவர் பயன்படுத்திய பொருள் இன்னொரு தரம், அவற்றில் தொட்டு எடுத்தது மூன்றாம் தரம் என்று நெடுங்காலமாகப் பிரித்துவந்தார்கள். சான்றிதழ் வேண்டும், முத்திரை வேண்டும், விற்கவே கூடாது. ரத்தம் ஊறிய மண் இதில் எந்தத் தரம்? ராமநாதபுரம் தெற்கிலிருந்து திருச்செந்தூர் வரை தேரிக்காடுகளில் மணல் சிவந்துதான் கிடக்கிறது, இரும்புச் சத்து அப்படி என்று படித்தவர்கள் சொல்லலாம். மண் அள்ள வந்தவர் அதற்கும் தலையாட்டிவிட்டு இரண்டு கை கூடுதலாக அள்ளிக்கொள்வார்.

உடல் கிடைத்திருந்தால் அது எங்கோ ஒரு பேழைக்குள் போயிருக்கும்; சாவி யாரிடமாவது இருந்திருக்கும். யார் கிட்டே போகலாம், யார் எட்ட நின்று கும்பிட வேண்டும் என்பதற்கும் வரிசை வந்திருக்கும். மண்ணுக்குப் பூட்டு இல்லை. ஞானஸ்நானம் வாங்கினாயா என்று அது கேட்பதும் இல்லை. கிழவன் சேதுபதி உடலை அடக்கம் செய்ய விட்டிருந்தால் அருளானந்தர் ஒரு கல்லறைக்குள் அடங்கியிருப்பார்.

இதே கடற்கரையில், மண்டபம் பக்கத்து வேதாளையில், 1549-இல் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலிய குரு கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி அவர்தான். வரலாற்று நூல்களில் அவருக்கு இடம் உண்டு. ஆனால் பக்கத்து ஊர்களில் யாரும் பிள்ளைக்குக் கிரிமினாலி என்று பெயர் வைப்பதில்லை. அருளானந்து, அருளானந்தம், பிரிட்டோ என்று கூப்பிட்டால் தேவகோட்டைக் கடைத்தெருவில் இன்றும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.